கட்டாயக் கேள்வி

வினாத்தாள் கைக்கு வந்ததும் நிரோஷா கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினாள். கட்டாயக் கேள்வி அங்கேதான் இருக்கும். இருந்தது. மனிதரின் துயரத்தை இயற்கை எப்படி ஆற்றுகிறது என்பதைப் பாடத்தில் உள்ள மூடுபனிக் கவிதையைக் கொண்டு விளக்குக. இங்கிலீஷில் இரண்டு வரி. ஏப்ரலில் வந்த அதே கேள்வி, வார்த்தைகளை மட்டும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஏப்ரலில் இதைப் படித்து முடித்ததுமே காது இரண்டும் அடைத்துக்கொண்டது, ஃபேன் சுற்றுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை, அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். கேட்டுக்குப் பக்கத்து வாதாமரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து, என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா என்று சந்தோஷமாகக் கேட்டார். ஈஸியா இருந்துச்சுப்பா என்றாள். இந்தத் தடவை அப்படி எழுந்து போக முடியாது. பி.ஏ. இங்கிலீஷில் மற்ற எல்லாப் பேப்பரும் முடிந்துவிட்டது, ரொமான்டிக் இலக்கியம் என்கிற இந்த ஒன்றுதான் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி நிற்கிறது, அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுகிறது, பழைய பாடத்துக்கு இதுதான் கடைசிப் பரீட்சை. இதுவும் போனால் மலைக்கு மேலே எஸ்டேட் ஆபீசுக்குப் போய் அம்மாவின் வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா போய் ஒரு வருஷமாக அந்த இடத்தை அவளுக்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள். அப்பா சுடலைமுத்துவுக்கு மார்ச்சோடு ஃபேக்டரி வேலை முடிகிறது, குடும்பத்தில் ஒருத்தராவது எஸ்டேட் வேலையில் இல்லாவிட்டால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். பாஸ் பண்ணினால் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், வாடகைக்கு ஒரு வீடு பார்த்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடலாம், பனியே இல்லாத ஊர், கதவைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் தெரிகிற ஊர். ஆகவே எழுது, எழுது என்று தன்னையே அதட்டிக்கொண்டு நிரோஷா முன்பக்கத்துக்கு வந்து சின்னக் கேள்விகளை எழுத ஆரம்பித்தாள்.

சின்னக் கேள்விகளுக்கு ஒன்றும் யோசிக்க வேண்டாம், கைடில் இருந்தது அப்படியே விரலுக்கு வந்தது. இந்த இலக்கியத்துக்குப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு கேள்வி. முதல் நாள் கோகிலவாணி மேடம் அந்த வார்த்தையைப் போர்டில் எழுதியதுமே பின்வரிசையில் எவனோ விசில் அடித்தான். மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ரொமான்டிக்னா நீங்க நெனக்கிறது கெடையாதுப்பா, மனசு பொங்கி வழியிறது என்றார். எது பொங்குகிறது, யார் அடுப்பை எரிக்கிறார்கள் என்று நிரோஷா நோட்டின் ஓரத்தில் பால் பாத்திரம் ஒன்று வரைந்து வைத்தாள். வீட்டில் அம்மாவும் இதைத்தான் கேட்டாள். காதல் பாட்டாடி படிக்கிறே? இல்லம்மா, மலை, காத்து, ஓடை, பனி. அதைப் படிக்கவா ரெண்டு பஸ்ஸு மாறிப் போறே? அம்மா பேச்சித்தாய் அப்படித்தான் பேசுவாள், சிரிக்காமல், தேயிலைக் கொழுந்துக் கூடையின் பட்டையை நெற்றியிலிருந்து கழற்றிக்கொண்டே, நெற்றியில் பட்டை அழுத்திய தடம் சிவந்து நிற்க. மலையைப் பார்த்ததும் மனிதனுக்கு ஒரு பிரமிப்பு வருகிறது, பயமும் சந்தோஷமும் கலந்தது, அதை விளக்கிக்கொண்டிருந்த மேடம் ஒரு நாள் அவளை எழுப்பிவிட்டார். நீதான் மலையில இருந்து வர்ற பொண்ணு, நீயே சொல்லு, காலையில கதவைத் தொறந்ததும் என்ன தோணும்? அட்டை கடிக்கும் மேடம் என்றாள். வகுப்பே சிரித்தது, மேடமும் சிரித்துவிட்டார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கதவைத் திறந்ததும் வாசல் புல்லில் அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, காலில் உப்பும் புகையிலைச் சாறும் தடவாமல் யாரும் இறங்க மாட்டார்கள், மலையை நிமிர்ந்து பார்க்க எங்கே நேரம். ஆனால் எழுத்தில் அட்டையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், கைடில் இல்லை. தனிமையின் இன்பம் என்று ஒரு தலைப்பு, அதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. லைன் வீட்டில் ஒரே அறை, தடுத்த ஒரு சமையல் மூலை, பக்கத்து வீட்டில் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து அம்மா ஆயுசு நூறு என்பாள். அந்த ஊர்க் கவிஞர்கள் எல்லாரும் தனியாகப் போனார்கள், தனியாக நடந்தார்கள், தனியாக அழுதார்கள். அழுவதற்கு அவர்களுக்கு ஒரு மலையே இருந்தது. இவள் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள், அதையும் யாராவது தண்ணீர் வீணாகிறது என்று தட்டுவார்கள்.

பேனாவை வைத்துவிட்டு விரலைச் சொடுக்கினாள். கண்காணிக்க வந்திருந்த சார் ஜன்னலோரம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே நவம்பர் வெயில், கீழே எப்போதுமே வெயில்தான், மேலே இந்நேரம் ஒன்றும் தெரியாது. நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் பனி எந்த வளைவில் முடிகிறது என்று பார்க்கவே கூடாதென்று காலையில் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள், ஆனால் முடிகிற இடம் உடம்புக்குத் தெரிந்துவிட்டது, காதுமடல் சூடாயிற்று. பக்கத்தில் அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எட்டு மார்க் கேள்விகள் ஐந்தையும் எழுதி முடித்தபோது மணி பதினொன்றரை. கற்பனையைப் பற்றி ஒன்று, குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒன்று, இனிய துயரம் என்பதைப் பற்றி ஒன்று. மெலன்கலி என்கிற அந்த இங்கிலீஷ் வார்த்தையின் எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்ய அவள் பட்ட பாடு, நடுவில் சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கிற அந்த ஹெச் எழுத்தை ஒவ்வொரு தடவையும் விட்டுவிடுவாள். சோகத்துல ஒரு சுகம்னு வச்சுக்கோங்க என்றார் மேடம். சோகத்துல என்ன மேடம் சுகம் என்று கேட்டாள் நிரோஷா, அப்போது அவளுக்குச் சோகமும் தெரியாது. பரீட்சைக்கு எழுது தாயி, அதுக்கெல்லாம் வெளக்கம் கேட்டா எனக்கே தெரியாது என்று சொல்லிவிட்டார் அந்த நல்ல மனுஷி. இப்போது ஒரு வருஷமாகச் சோகத்தை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தாயிற்று, சுகம் எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை. இருந்தாலும் எழுதினாள், சுகம் உண்டு என்று ஒன்றேகால் பக்கம், உதாரணத்தோடு. அந்த எழுத்தையும் விடவில்லை.

இனி கட்டாயக் கேள்வி ஒன்றுதான். கவிதை ஒன்றும் பெரிசில்லை, ஆறு பத்தி. தங்கை செத்துப்போன பிறகு கவிஞன் ஒருவன் விடியற்காலையில் மலை ஏறுகிறான். எங்கும் மூடுபனி. ஒரு பறவை கத்துகிறது. வெயில் வருகிறது, பனி விலகுகிறது, அதோடு அவன் துயரமும் விலகுகிறது, இறங்கி வீட்டுக்குப் போகிறான். இயற்கை ஒரு தாய், தன் பிள்ளையின் கண்ணீரைப் பனிச் சேலையால் துடைக்கிறாள் என்று கைடு போட்டிருக்கிறது, இதை முதல் வரியாக எழுத வேண்டும், அடிக்கோடு போட வேண்டும். எழுத்து வராமல் நிரோஷா விடைத்தாளில் கேள்வி எண்ணை மட்டும் எழுதி அதைச் சுற்றிக் கட்டம் கட்டினாள். கட்டத்தைத் தடிமனாக்கினாள். முதல் பத்தி ஒழுங்காக மனசுக்குள் ஓடியது, இரண்டாம் பத்தி, மூன்றாம் பத்தி, நாலாவதில் போய் நின்றது. எப்போதும் அங்கேதான் நிற்கும். நாலாம் பத்தியை அவள் போன வருஷம் நவம்பரில் ஒரு காலையில், இதே பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, பாயில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். லைனுக்குள் வருகிற குழாய் உடைந்து ஒரு வாரமாயிருந்தது, எல்லாரும் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே ஓடைத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், பனி இறங்கியிருக்கிற காலையில் ரெண்டு ரெண்டு பேராகத்தான் போவார்கள், ஒருத்தி குடம் தூக்க, ஒருத்தி தட்டைத் தட்டிக்கொண்டு வர. சத்தம் கேட்டால் யானை ஒதுங்கிப் போய்விடும், அதுவும் பயந்த ஜீவன்தான். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கட்டிலில் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து தலைவரைக்கும் போர்த்திப் படுத்திருந்தார். அப்பா எழுந்துவிடக் கூடாதென்று மெதுவாகத்தான் கூப்பிட்டாள். நிரோசா, தட்டை எடுத்துக்கிட்டு வாடி. அவளுக்கு ஷ வராது. இந்த ஒரு பத்தி முடிச்சிட்டு வர்றேம்மா. என்னடி அது? பனியைப் பத்தி. பனியில எழுத என்ன இருக்கு, கண்ணு தெரியாது, அம்புட்டுத்தானே. இரும்மா, ஒரு பத்திதான், சொன்னாக் கேளு. சரி, நீ படி.

நீ படி. கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா? ஒரு வருஷமாக நிரோஷா அந்த இரண்டு வார்த்தையை எல்லாக் குரலிலும் சொல்லிப் பார்த்தாயிற்று. கோபமாக இருந்தால் தேவலை என்று சில நாள் தோன்றும், கோபமாக இருந்தால் அது ஒரு சண்டை, சண்டையில் யார் மேலும் தப்பிருக்கலாம். சாதாரணமாகத்தான் சொன்னாள். படிக்கிற பிள்ளை என்கிற பெருமைகூடக் கொஞ்சம் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. அம்மா இறங்கிப் போனாள், நாலு எட்டில் அவள் முதுகு தெரியவில்லை, எட்டு எட்டில் செருப்புச் சத்தமும் இல்லை. நிரோஷா நாலாம் பத்தியை முடித்தாள், முடித்த உற்சாகத்தில் ஐந்தாம் பத்தியையும் எடுத்தாள். அதைத்தான் மறக்க முடியவில்லை. ஒரு பத்தி என்று சொல்லிவிட்டு இரண்டாவதை எடுத்தாளே. அப்புறம் லைனின் கீழ்க்கோடியில் பொம்பளைகள் யானை, யானை என்று கத்துகிற சத்தம், அப்பா போர்வையோடு எழுந்து ஓடியது, பின்னாலேயே இவள், பனிக்குள் ஆட்கள் முளைத்து முளைத்து மறைந்தது, யாரோ இவள் முகத்தைத் தன் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. குடத்தை மட்டும்தான் பார்த்தாள். பாதையோரம் நசுங்காமல் சாய்ந்து கிடந்தது, வாயோரம் கொஞ்சம் தண்ணீர். அப்படியென்றால் நிரப்பிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறாள். வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்திருக்கிறாள். வனத்துறை ஆள் வந்து எழுதினார். ஏன் தனியாகப் போனார்கள்? எனக்குத் தெரியாது சார், நான் தூங்கிட்டிருந்தேன், அம்மா எழுப்பல. அவள் வாயிலிருந்து அது எப்படி அவ்வளவு சுத்தமாக வந்தது. அப்பாவும் பக்கத்தில் நின்று, நானும் அசந்து தூங்கிட்டேன் சார் என்றார். அதற்குப் பிறகு அதைச் சித்தியிடம் சொன்னாள், மேடத்திடம் சொன்னாள், துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் தூக்கத்துக்கு ஒரு போர்வையும் தலையணையும் சேர்ந்துகொண்டே போனது.

இன்னும் நாற்பது நிமிஷம் என்றார் சார். நிரோஷா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். முன்பெஞ்சுப் பையன் பரபரவென்று எழுதிக்கொண்டிருந்தான், அவன் எழுதுவது என்னவென்று பார்க்காமலே தெரியும், தாய், சேலை, கண்ணீர். நாலாம் பத்தியை மறுபடி ஓட்டினாள். அதில் ஒரு வரி, அவள் என்னைக் கூப்பிட்டபோது என்று ஆரம்பிக்கும், முடியாது. ஒரு கோடு போட்டு விட்டிருப்பான் கவிஞன், அடுத்த வரியில் பறவைக்குப் போய்விடுவான். மேடம் வகுப்பில் இதற்கு நிற்கவே இல்லை. கோடு வந்தா உணர்ச்சிப் பெருக்குன்னு எழுதிடுங்க, ரெண்டு மார்க் நிச்சயம். கைடிலும் அதுதான். நூறு தடவை இருநூறு தடவை அவள் அந்த வரியைச் சொல்லியிருக்கிறாள், சொல்லும்போது கோட்டுக்கு ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பறவைக்குப் போவாள், அந்த மூச்சுக்குள் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். அவள் என்னைக் கூப்பிட்டபோது. கூப்பிட்டபோது என்ன செய்தான்? அதைச் சொல்லவில்லையே அவன். ஆறு பத்தி எழுதியவனுக்கு அரை வரி எழுத முடியாமலா போயிற்று? செய்யாததை எப்படி எழுதுவான், அதனால்தான் கோட்டைப் போட்டான், அதனால்தான் பறவை, அதனால்தான் வெயில், பனி விலகியது, துயரம் விலகியது என்று அவசர அவசரமாக மலையிலிருந்து இறங்குகிறான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் இவள் சொன்ன மாதிரி அவனும் ஊருக்குச் சொல்லியிருக்கிறான். ஒன்றும் விலகியிருக்காது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அரை வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். எந்த ஊர், எந்த நூற்றாண்டு, எந்தக் குளிர், அவன் முகம்கூட அவளுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் மனப்பாடம் செய்த கவிதை இப்போதுதான் முதல் தடவையாக அவளுக்குப் புரிந்தது. இந்தப் புரிதல் இல்லாமலே பாஸ் பண்ணியிருக்கலாமே, அம்மாவும் இருந்திருப்பாளே.

எழுதினாள். தாயும் சேலையும் வரவில்லை. இந்தக் கவிதையில் இயற்கை யாருடைய துயரத்தையும் ஆற்றவில்லை என்று ஆரம்பித்தாள், இங்கிலீஷில், கைடின் உதவி இல்லாமல், நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு வாக்கியமாகப் பிடித்துப் பிடித்து. கவிஞன் ஒரு வரியை முடிக்காமல் விட்டிருக்கிறான் என்று எழுதினாள். அந்த வரியை அவன் முடித்திருந்தால் அப்புறம் பனியைப் பற்றி எழுதியிருக்க மாட்டான் என்று எழுதினாள். பனி அழகாக இருக்கிறது என்கிறான், அவன் எதையோ மூடச் சொல்லி அதைக் கேட்கிறான் என்று எழுதினாள். அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் அதோடு தீர்ந்தன. ஆனால் கை நிற்கவில்லை, சின்னச் சின்னதாக, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல வந்தது. என் அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. நான் இந்தக் கவிதையைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் தூங்கவில்லை. இலக்கணம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. தமிழில் சித்தியிடமோ, மேடத்திடமோ, குழாயடியிலோ, கனவில்கூடச் சொல்ல வராதது, யாரென்றே தெரியாத ஒரு வாத்தியாருக்கு, அவர் பேர் இவளுக்குத் தெரியாது, இவள் பேர் அவருக்குத் தெரியாது, பேருக்குப் பதில் ஒரு எண்தான் இருக்கும், அவருக்கு இங்கிலீஷில் சொல்லியாயிற்று. அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டு போனாள். கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று அந்த மனுஷர் சிவப்பில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகலாம். பள்ளிக்கூடத்து வேலை போகலாம். இழுத்துக்கொள்ளட்டும் என்று மூடியைப் போட்டாள். டைம் அப், டைம் அப் என்று வந்த சார் அவள் தாளை உருவி, அடுக்கில் போட்டு, போய்க்கொண்டே இருந்தார்.

அப்பா வாதாமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது. "நல்லா எழுதுனியாம்மா?" என்று கேட்டார். நிரோஷா அவர் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். ஈஸியா இருந்துச்சுப்பா என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது, மூடிக்கொண்டாள். ரோட்டில் ஒரு லாரி போய் முடிந்தது.

"அப்பா, அன்னைக்கு நான் தூங்கல. அம்மா என்னையக் கூப்பிட்டுச்சு. தட்டை எடுத்துக்கிட்டு வான்னு கூப்பிட்டுச்சு. நான் போகல."

சுடலைமுத்து அவளைப் பார்க்கவில்லை. துண்டின் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நூல் வந்துகொண்டே இருந்தது.

"தெரியும்மா."

"முழிச்சிருந்தீங்களா?"

"எல்லாம் கேட்டுச்சு. ஒரு பத்தின்னு நீ சொன்னது, அவ சரின்னது. எந்திரிப்போமான்னு நெனச்சேன். விடிய விடிய நின்ன காலு. போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன்." நூல் அறுந்து கையோடு வந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் விரலில் சுற்றினார். "பிள்ள எப்பிடியும் போயிரும்னு நெனச்சேன்."

ஒரே அறைக்குள், கைக்கெட்டும் தூரத்தில் படுத்துக்கொண்டு, ஒரு வருஷம், முந்நூற்றுச் சொச்சம் காலை, அவரும் இவளும். ஒன்றரை மணி பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றி, ஹாரன் அடித்துவிட்டு மலைப்பக்கம் திரும்பியது. அடுத்தது மூணேகாலுக்குத்தான். அப்பா பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிரித்தார், புளிச்சோறு, ஒரு பக்கம் அழுத்தி வைத்த துவையல். பாதியைப் பிரித்து இலையின் அவள் பக்கத்துக்குத் தள்ளினார்.

"சாப்பிடும்மா" என்றார். நிரோஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், சோறு ஒட்டியிருந்த விரல்களோடு, பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பரீட்சை முடிந்து வந்த பிள்ளைகள் அவர்களைத் தாண்டிக் கேள்விகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள்.